சமைக்கலாம், உட்காரக் கூடாது

"கடை என்னுடையது, அதில் யாரை உட்கார வைப்பது என்பதை நான்தான் தீர்மானிப்பேன்." இந்த ஒரு வரி வாதத்துக்கு ஆயுள் கெட்டி. சொத்துரிமையின் மொழியில் பேசுவதால் கேட்பவர் காதில் அது நியாயம் போலவே விழுகிறது. வீட்டுக்கு விருந்தாளியாக யாரை அழைப்பது என்பது வீட்டுக்காரரின் விருப்பம் என்றால், கடைக்கு மட்டும் வேறு நியாயம் எதற்கு என்று நல்லெண்ணம் படைத்தவர்கள்கூடக் கேட்பதுண்டு. உத்தரப் பிரதேசத்தில் கன்வர் யாத்திரை செல்லும் பாதையோரத்து உணவகங்களின் பெயர்ப்பலகை பற்றிய சர்ச்சை 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளும் உச்சநீதிமன்றப் படியேறியபோது, உண்பவருக்குத் தமக்கு விருப்பமானவரின் கடையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்று இதே வாதத்தை மறுபக்கமாகத் திருப்பிப் போட்டவர்களும் இருந்தார்கள். இந்த வாதத்தின் உண்மை எடையை அறிய வேண்டுமானால், அறுபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஒரு தெருவோர உணவகம் நடத்திய வழக்கைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும்.

அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் 'ஆலீஸ் பார்பிக்யூ' என்ற பெயரில் ஓர் உணவகம் இருந்தது. 1927இல் தொடங்கப்பட்டது. மெக்ளங் என்ற குடும்பத்துக்குச் சொந்தமானது. தணலில் வாட்டிய இறைச்சிக்கும் வீட்டுப் பக்குவத்தில் செய்த இனிப்புப் பணியாரங்களுக்கும் பேர் பெற்றது. 220 பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து உண்ண இடம் உண்டு. குடும்பத்தோடு வருபவர்களும் அலுவலக ஊழியர்களும் அதன் வாடிக்கையாளர்கள். உரிமையாளர்கள் பக்தியும் ஒழுக்கமும் மிக்கவர்கள் என்று அக்கம்பக்கத்தில் பெயரெடுத்தவர்கள். ரவுடிகள் நடத்திய கடையல்ல அது. கொடுமையைச் செய்பவர்கள் கொடியவர்களாகத்தான் காட்சியளிப்பார்கள் என்று எதிர்பார்ப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

அங்கே 36 பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர். ஆனால் கறுப்பினத்தவர் எவரும் அந்த உணவகத்தின் மேசையில் உட்கார்ந்து உண்ண முடியாது. பணம் கொடுத்துப் பொட்டலமாக வாங்கிச் செல்லலாம், அவ்வளவுதான். தொடங்கிய நாள் முதல் முப்பத்தேழு ஆண்டுகள் இதுவே நடைமுறை. கறுப்பினத் தொழிலாளியின் கை பட்ட இறைச்சி வெள்ளையருக்குத் தீட்டாகவில்லை. அதே தொழிலாளி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால்தான் ஆகாது. அப்படியானால் ஆட்சேபம் எதன் மீது? உணவின் மீதோ தூய்மையின் மீதோ அல்ல. உழைப்பவர் சமமானவராக எதிரில் அமர்வதன் மீது. நம் ஊர் வீடுகளில் பின்வாசல் வழியாக வந்து பாத்திரம் துலக்கிவிட்டுப் போகும் பெண்ணுக்கு எந்தக் குவளையில் தண்ணீர் தரப்படுகிறது என்பதை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல.

1964 ஜூலை 2 அன்று அமெரிக்காவின் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இனம், நிறம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றின் பேரால் உணவகங்களிலும் விடுதிகளிலும் திரையரங்குகளிலும் எவரையும் ஒதுக்கக் கூடாது என்றது அச்சட்டத்தின் இரண்டாம் பகுதி. மெக்ளங் குடும்பத்தின் மீது எவரும் புகார் கொடுக்கவில்லை. அரசும் நடவடிக்கை எடுக்கவில்லை. அவர்களாகவே நீதிமன்றத்துக்குப் போனார்கள். இந்தச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று அறிவிக்கக் கோரினார்கள். கறுப்பினத்தவரை உள்ளே உட்கார வைத்தால் வியாபாரம் கணிசமாகப் படுத்துவிடும் என்பது அவர்களுடைய முறையீடு. மூன்று நீதிபதிகள் கொண்ட கீழமை நீதிமன்றம் அதை ஏற்றுத் தடையும் வழங்கியது.

அதே ஆண்டு டிசம்பர் 14இல் உச்சநீதிமன்றம் ஒருமனதாக அத்தடையை நீக்கியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டாம் கிளார்க். முடிவு சரியானது, ஆனால் அந்த முடிவை நீதிமன்றம் சென்றடைந்த பாதை விநோதமானது. முந்தைய பன்னிரண்டு மாதங்களில் ஆலீஸ் உணவகம் உள்ளூரில் சுமார் 1,50,000 டாலர் மதிப்புள்ள உணவுப் பொருள்களை வாங்கியிருந்தது. அதில் 69,683 டாலர், அதாவது 46 சதவீதம், இறைச்சிக்காகச் செலவானது. உள்ளூர் வியாபாரியிடம்தான் வாங்கினார்கள் என்றாலும், அந்த வியாபாரி அதை வேறு மாநிலத்திலிருந்து தருவித்திருந்தார். மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. ஆகவே எல்லை தாண்டி வந்த அந்த இறைச்சியின் பேரால், அதைப் பரிமாறும் உணவகமும் மத்தியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதாகியது. ஒரு மனிதர் நாற்காலியில் உட்காரும் உரிமையை நிலைநாட்ட, தட்டில் இருந்த இறைச்சி எந்த மாநிலத்திலிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டியிருந்தது.

ஏன் இந்தச் சுற்றுவழி? காரணம் 1883இல் இருக்கிறது. அடிமை முறை ஒழிந்தபின் 1875இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், தங்கும் விடுதிகளிலும் பொதுப் போக்குவரத்திலும் நாடக அரங்குகளிலும் அனைவருக்கும் சம உரிமை தந்திருந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து அமெரிக்க உச்சநீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அரசு செய்யும் பாகுபாட்டைத்தான் அரசியல் சாசனத்தின் பதினான்காவது திருத்தம் தடுக்கிறது, தனியார் செய்வதை அல்ல என்பது அத்தீர்ப்பின் சாரம். எதிர்த்து எழுதியவர் ஹார்லன் என்ற ஒரே நீதிபதி. அந்தப் பழைய தீர்ப்போடு மோதாமல் ஒதுங்கிச் செல்லவே 1964இல் வணிக அதிகாரம் கைக்கொள்ளப்பட்டது. மனித சமத்துவத்தின் அடிப்படையிலேயே இதைத் தீர்ப்பது மேலாக இருந்திருக்கும் என்று நீதிபதி டக்ளஸ் தனியாக எழுதி வைத்தார். அதே நாளில் தீர்ப்பு சொல்லப்பட்ட மற்றொரு வழக்கில், அட்லாண்டா நகரத்து விடுதி ஒன்றின் உரிமையாளர் இன்னும் ஒரு படி மேலே போய், கறுப்பினத்தவருக்கு அறை தரும்படி தன்னைக் கட்டாயப்படுத்துவது அடிமை முறையை ஒழித்த பதின்மூன்றாவது திருத்தத்துக்கே விரோதமானது என்று வாதிட்டிருந்தார். விடுதி முதலாளி தன்னை அடிமையாகக் கற்பித்துக்கொண்ட அந்த வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.

இனி அந்தத் 'தனியார் விருப்பம்' என்ற சொல்லைக் கவனிப்போம். மெக்ளங் குடும்பத்தின் கடையில் கறுப்பினத்தவர் உட்காராதது உரிமையாளரின் விருப்பம் மட்டுமா? பர்மிங்காம் நகராட்சியின் விதித்தொகுப்பில் உணவகங்களுக்கென்று ஒரு விதி இருந்தது. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் ஒரே அறையில் பரிமாறுவது குற்றம். பரிமாறுவதானால் தரையிலிருந்து ஏழு அடி உயரத்துக்குக் குறையாத கெட்டியான தடுப்புச் சுவர் இடையில் இருக்க வேண்டும். தெருவிலிருந்து உள்ளே வரத் தனித்தனி வாசல் வைக்க வேண்டும். 1960களின் தொடக்கம் வரை அவ்விதி உயிரோடிருந்தது. மனசாட்சியுள்ள ஓர் உரிமையாளர் அனைவரையும் ஒன்றாக உட்கார வைக்க விரும்பியிருந்தாலும் சட்டம் அவரைத் தண்டித்திருக்கும். ஏழு அடிச் சுவரை எழுப்பியது அரசு. பல தலைமுறைகளாக அச்சுவரின் நிழலிலேயே வியாபாரம் செய்துவிட்டு, சுவரை இடிக்க அரசு வந்தபோது, இது என் சொந்த விஷயம், அரசுக்கு இங்கே என்ன வேலை என்று உரிமையாளர் கேட்டார். சொத்துரிமை வாதத்தின் இரட்டை நாக்கு இதுதான். விலக்கி வைப்பதற்கு அரசின் கரம் வேண்டும். விலக்கலை நீக்க அரசு வந்தால் அது அத்துமீறல்.

தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே ஆலீஸ் உணவகத்தில் கறுப்பின வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து உண்டார்கள். வானம் இடிந்து விழவில்லை. வியாபாரம் படுத்துவிடும் என்று சத்தியப் பிரமாணம் செய்த அந்த உணவகம் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நடந்தது. கடையை மூடினாலும் மூடுவேன், கதவைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவரும் இருந்தார். அட்லாண்டாவில் 'பிக்ரிக்' என்ற உணவகத்தை நடத்திய லெஸ்டர் மேடக்ஸ், உண்ண வந்த கறுப்பின மாணவர்களைக் கைத்துப்பாக்கியோடு விரட்டினார். கோடரிக் காம்புகளைத் தம் எதிர்ப்பின் சின்னமாக்கினார். இறுதியில் உணவகத்தைக் கைவிட்டார். அதன் பலனாக ஜார்ஜியா மாநிலத்தின் ஆளுநர் பதவி அவரைத் தேடி வந்தது. கடை வாசலில் காட்டும் வெறுப்பு வாக்குப் பெட்டியில் வட்டியோடு திரும்பி வரும் என்ற பாடத்தை இந்தியாவின் வகுப்புவாதிகள் அவரிடமிருந்து கற்றிருக்கத் தேவையில்லை; அவர்களுக்குச் சொந்த அனுபவமே போதும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கதை பிழையாகும். 1964ஆம் ஆண்டுச் சட்டம் நீதிபதிகளின் கருணையாலோ ஜனாதிபதியின் பெருந்தன்மையாலோ வந்ததல்ல. 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் உல்வொர்த் கடையின் உணவுப் பகுதியில் உட்கார்ந்து, பரிமாறாவிட்டாலும் எழுந்திருக்க மறுத்தார்கள். அக்கடையின் மற்றப் பகுதிகளில் அவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு பொருள் விற்பதில் நிர்வாகத்துக்குத் தயக்கமே இருந்ததில்லை. அந்த நான்கு பேர் சில வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் ஆனார்கள். 1963இல் அதே பர்மிங்காம் நகரத் தெருக்களில் பள்ளிக் குழந்தைகள் மீது நாய்களை ஏவினார்கள். தீயணைப்புக் குழாய்களால் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். செப்டம்பர் 15 அன்று தேவாலயத்தில் வெடித்த குண்டுக்கு நான்கு சிறுமிகள் பலியானார்கள். இறைச்சிக் கணக்கைப் பார்க்க நீதிமன்றம் உட்கார்ந்ததற்கு முன் இத்தனை பேர் உட்கார வேண்டியிருந்தது.

ஆலீஸ் உணவகம் திறக்கப்பட்ட அதே 1927இல் இந்தியாவில் மகாட் போராட்டம் நடந்தது. சவ்தார் குளத்தைப் பயன்படுத்தத் தீண்டத்தகாதவர்களுக்கு உரிமை உண்டென்று பம்பாய்ச் சட்டமன்றமும் மகாட் நகராட்சியும் முன்பே தீர்மானம் போட்டிருந்தன. தீர்மானம் தாளில் கிடந்தது. மார்ச் 20 அன்று டாக்டர் அம்பேத்கர் தலைமையில் ஊர்வலமாகச் சென்றவர்கள் குளத்தில் இறங்கி நீர் அள்ளிப் பருகினார்கள். ஆதிக்கச் சாதியினர் தடியோடும் பிறகு வழக்கோடும் வந்தார்கள். குளம் தங்களுக்கே உரியது, தீண்டத்தகாதவர்களை விலக்குவது தொன்றுதொட்ட வழக்கம் என்றது அவர்களுடைய மனு. பத்து ஆண்டுகள் கழித்து 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றம் அம்பேத்கர் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எந்த அடிப்படையில்? அவ்வழக்கம் நினைவுக்கு எட்டாத காலம் தொட்டு நிலவியது என்று வாதிகள் நிரூபிக்கவில்லை என்பதால். அங்கே இறைச்சி வந்த வழி; இங்கே வழக்கத்தின் வயது. மனிதர் மனிதரே என்று நேராகச் சொல்ல இரண்டு நாட்டு நீதிமன்றங்களுக்கும் அன்றைய சட்டத்தில் இடம் இருக்கவில்லை.

அந்த இடத்தை உண்டாக்கியது இந்திய அரசியல் சாசனம். அம்பேத்கருக்கு இது ஏட்டுப் படிப்பால் தோன்றிய யோசனையல்ல. பரோடாவில் உயர் பதவி வகிக்கச் சென்ற அவரை, சாதி தெரிந்ததும், தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்த கூட்டம் வெளியேற்றியது. சாசனத்தின் 15ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் ஆகியவற்றின் பேரால் கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் நுழையக் குடிமக்கள் எவருக்கும் தடை இருக்கலாகாது என்கிறது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. இவை அரசை மட்டும் நோக்கிச் சொல்லப்பட்டவையல்ல. கடைக்காரரையும் நோக்கிச் சொல்லப்பட்டவை. 1948 நவம்பர் இறுதியில் அரசியல் நிர்ணய சபையில் இவை விவாதிக்கப்பட்டபோது, கடை என்றால் சலவைக் கடையும் முடிதிருத்தும் கடையும் அடங்குமா என்ற ஐயம் எழுப்பப்பட்டது. சேவையை நாடி வரும் எவருக்கும் அதை வழங்க ஒருவர் திறந்து வைத்திருக்கும் இடம் எதுவோ அதுவே கடை என்ற விரிந்த பொருளை அம்பேத்கர் தந்தார். தனியார் கல்லூரிச் சேர்க்கை பற்றிய 2011ஆம் ஆண்டு வழக்கில் உச்சநீதிமன்றம் இந்த விளக்கத்தை எடுத்தாண்டது. வீட்டையும் கடையையும் ஒப்பிடும் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை. வீடு அழைத்தவருக்குத் திறக்கிறது. கடை தெருவுக்குத் திறந்து கிடக்கிறது.

இவ்வளவு தெளிவான சட்டம் இருந்தும் நடப்பு என்ன? 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976இல் திருத்தப்பட்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது. பொது உணவகத்தில் நுழைவதைத் தடுத்தாலும், அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் செய்தாலும் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. நூறு ரூபாய்க்குக் குறையாமலும் ஐந்நூறு ரூபாய்க்கு மேற்படாமலும் அபராதம். ஐந்நூறு ரூபாய் என்பது இன்று ஓர் ஊரின் நடுத்தர உணவகத்தில் இரண்டு மூன்று பேர் வயிறாரச் சாப்பிடும் தொகை. தண்டனை அற்பமாக இருப்பது ஒருபுறமிருக்க, புகார் கொடுப்பவர் யார் என்பதே இங்கு முதல் கேள்வி. கிராமத்துத் தேநீர்க் கடைக்காரர் மீது புகார் கொடுக்க வேண்டிய விவசாயத் தொழிலாளி, அந்தக் கடைக்காரரின் உறவினர் நிலத்தில் மறுநாள் கூலி வேலைக்குப் போக வேண்டியவர். சாட்சி சொல்ல வேண்டியவரும் அப்படியே. பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் பாதிக்கப்பட்டால், தீண்டாமை காரணமாகவே அச்செயல் நடந்ததாக நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும், மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்ற வலுவான பிரிவு அச்சட்டத்தில் இருக்கிறது. வழக்கே பதிவாகாத ஊரில் அந்த அனுமானம் யாருக்கு உதவும்?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள் கடை, மருத்துவமனை, பொது இடங்களில் நுழைவதைத் தடுப்பதையும் பொதுப் பாத்திரங்களை மறுப்பதையும் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை தண்டிக்கத்தக்க குற்றமாக்கின. 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இச்சட்டத்தை நீர்த்துப்போகச் செய்ததும், ஏப்ரல் 2 அன்று நாடு தழுவிய எதிர்ப்பு வெடித்ததும், அதன்பின் நாடாளுமன்றம் சட்டத்தை மீட்டதும் தோழர்கள் அறிந்தவை.

பாகுபாடும் சும்மா இருப்பதில்லை. சட்டத்தைப் பார்த்துத் தன் உருவத்தை மாற்றிக்கொள்கிறது. முன்பு தேங்காய்ச் சிரட்டை. பிறகு தனிக் குவளை. அதற்கும் எதிர்ப்பு வந்ததும் தலித் மக்களுக்கு மட்டும் பிளாஸ்டிக் அல்லது காகிதக் குவளை. அதைத் தூய்மை என்றும் வசதி என்றும் சொல்லிக்கொள்ளலாம். பெஞ்சில் இடமில்லை என்று யாரும் சொல்வதில்லை. உட்காராமல் நின்று குடித்துவிட்டுப் போவது 'பழகிப்போன' காரியமாகிவிடுகிறது. எழுதி வைக்கப்படாத விதியைக் காவல்துறை ஆய்வாளருக்கு எப்படிக் காட்டுவது? பர்மிங்காமின் ஏழு அடிச் சுவருக்காவது உயரம் இருந்தது, அளந்து பார்க்கலாம். ஆந்திரத்தில் 1990களின் இறுதியில் சாதிப் பாகுபாட்டு எதிர்ப்புப் போராட்டச் சங்கம் ஊர் ஊராகச் சென்று இரட்டைக் குவளைகளைக் கணக்கெடுத்தது. ஒதுக்கப்பட்ட மக்களோடு சேர்ந்து அக்கடைகளுக்குள் நுழைந்தது. மாநில அரசு நீதிபதி புன்னய்யா தலைமையில் ஆணையம் அமைக்க நேர்ந்தது இந்த இயக்கத்தின் அழுத்தத்தால்தான். எழுதப்படாத விதி வெளியே தெரிவது, அதை மீறி ஒருவர் பெஞ்சில் உட்காரும்போதுதான்.

இந்தப் பின்னணியில் உத்தரப் பிரதேசத்துக்கு வருவோம். 2024 ஜூலையில் முசாபர்நகர் மாவட்டக் காவல்துறை, கன்வர் யாத்திரைப் பாதையிலுள்ள உணவகங்களும் தள்ளுவண்டிகளும் உரிமையாளரின் பெயரை எழுதிப் பலகையாக மாட்ட வேண்டும் என்றது. மாநில அரசு அதைப் பாதை முழுமைக்கும் விரித்தது. உத்தராகண்ட் அரசும் பின்பற்றியது. ஜூலை 22 அன்று நீதிபதிகள் ஹிருஷிகேஷ் ராய், எஸ்.வி.என். பட்டி ஆகியோர் அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. என்ன வகை உணவு என்று எழுதச் சொல்லலாம். உரிமையாளர், ஊழியர் பெயர்களை எழுதும்படி கட்டாயப்படுத்தலாகாது என்றது. அடுத்த ஆண்டு அதே யாத்திரைக் காலத்தில், செல்பேசியில் வருடிப் பார்க்கும் கியூஆர் குறியீட்டு வடிவில் அந்தப் பெயர்ப்பலகை திரும்பி வந்தது. 2025 ஜூலை 22 அன்று உச்சநீதிமன்றம் உரிமம், பதிவுச் சான்று ஆகியவற்றைச் சட்டப்படி காட்சிக்கு வைக்கும்படி சொல்லிவிட்டு, மற்றப் பிரச்சனைகளுக்குள் போகவில்லை.

உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமத்தை மாட்டி வைப்பது முன்பே உள்ள கடமைதானே, அதில் என்ன தவறு என்று கேட்கப்படுகிறது. உரிமம் மாட்டுவது நுகர்வோரின் பாதுகாப்புக்கு. கலப்படம் நடந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்காக அது சுவரில் இருக்கிறது. ஒரு யாத்திரையின் சில வாரங்களுக்கு மட்டும், ஒரு குறிப்பிட்ட பாதையில் மட்டும், தொலைவிலிருந்தே படிக்கும்படி பெயரை எழுதச் சொல்வது எதற்கு? பருப்பில் பூச்சி இருக்கிறதா என்பதைப் பெயர் சொல்லாது. சமைப்பவர் எந்த மதம் என்பதை மட்டுமே சொல்லும். அந்நாட்களில் சில தாபாக்களில் முஸ்லிம் ஊழியர்களை யாத்திரை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டதாகச் செய்தியாளர்கள் பதிவு செய்தார்கள். தட்டு கழுவுபவர், ரொட்டி சுடுபவர், மேசை துடைப்பவர்: அன்றாடக் கூலியை இழந்தவர்கள் இவர்கள்தான். கடையின் உரிமையாளர் இந்துவாக இருந்த இடங்களிலும் அடி விழுந்தது தொழிலாளியின் வயிற்றில். ஆலீஸ் உணவகத்தில் சமைக்கலாம், உட்காரக் கூடாது என்ற விதி இருந்தது. இங்கே சமைக்கவும் கூடாது என்று ஆகியிருக்கிறது.

பெயர்ப்பலகையைப் பற்றிய இன்னொரு போராட்டம் தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும். 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் 'முரளி பிராமணாள் கபே' என்ற உணவகத்தின் முன் பெரியாரின் திராவிடர் கழகத்தினர் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நீடித்தது. நாள்தோறும் தொண்டர்கள் கைதானார்கள். இறுதியில் அந்தச் சாதிச் சொல் பலகையிலிருந்து நீங்கியது. அன்று சாதியை அடையாளம் காட்டும் சொல்லை அகற்றக் கோரியவர்களை அரசு கைது செய்தது. இன்று மதத்தை அடையாளம் காட்டும் பெயரை எழுத மறுப்பவர்கள் மீது அரசு வழக்குப் போடும் என்கிறது. இரண்டு நேரத்திலும் காவல்துறை பலகையின் எந்தப் பக்கம் நின்றது என்பதைக் கவனிப்பவர்களுக்கு, பர்மிங்காமின் ஏழு அடிச் சுவர் அவ்வளவு தொலைவில் இல்லை.

அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவு உண்பவரின் நுழைவைத்தான் காக்கிறது, கடைக்காரரின் பெயரை அல்ல என்று சட்ட நுணுக்கம் பேசுபவர்கள் உண்டு. மதத்தின் அடிப்படையில் பாகுபாடு காட்ட அரசுக்கே உரிமையில்லை என்று அதே பிரிவின் முதல் உட்பிரிவு சொல்கிறது. எந்தத் தொழிலையும் செய்யும் உரிமையை 19ஆவது பிரிவு தருகிறது. யார் கடையில் உண்பது என்பது தனிமனிதரின் விருப்பமாகவே இருக்கட்டும். அந்த விருப்பத்துக்கு வழிகாட்டிப் பலகை நட்டு வைப்பது அரசின் வேலையல்ல. கடைக்காரர் கதவை மூடும்போது திறக்க வேண்டிய அரசு, திறந்திருக்கும் கடைக்கு முன்னால் நின்று வருபவரைத் திருப்பி அனுப்பக் குறி காட்டுகிறது.

இதில் இயக்கத்தின் வேலை எங்கே தொடங்குகிறது? நீதிமன்ற வழக்குகளைத் தில்லியில் உள்ள வழக்கறிஞர்கள் நடத்துவார்கள். ஆனால் கட்சிக் கிளை இருக்கும் ஊரில், கிளைக் கூட்டம் முடிந்து தோழர்கள் தேநீர் குடிக்கப் போகும் கடையில், யார் பெஞ்சில் உட்காருகிறார், யார் ஓரமாக நிற்கிறார், யாருக்குக் கண்ணாடிக் குவளை, யாருக்குக் காகிதக் குவளை என்பதைப் பார்க்க வழக்கறிஞர் தேவையில்லை. நீண்ட நாள் பழகிய கடைக்காரர், நன்கொடை தருபவர், தேர்தலில் வாக்களிப்பவர் என்பதெல்லாம் அதைப் பார்க்காமலிருக்கக் காரணங்களாகிவிடக் கூடாது. தனியாகப் புகார் கொடுத்து வேலையை இழக்கும் விவசாயத் தொழிலாளியின் பின்னால் சங்கம் நின்றால், அவருக்குக் கூலி மறுக்கும் நிலத்தில் மற்றவர்களும் இறங்க மாட்டார்கள் என்ற நிலை வந்தால், ஐந்நூறு ரூபாய் அபராதச் சட்டத்துக்கும் பல் முளைக்கும்.

குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, தீண்டாமை நிலவும் இடங்களை அடையாளம் காணும் பொறுப்பை மாநில அரசுகளிடம் ஒப்படைத்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும். பல மாவட்டங்களில் அது கூடுவதே செய்தியாக இருக்கிறது. அடுத்த கூட்டம் எப்போது என்று ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, கிளைகள் திரட்டிய தேநீர்க் கடைகளின் பட்டியலைப் பொருள்நிரலில் சேர்க்கச் சொல்லி மனு கொடுக்கும் வேலையை மாவட்டக் குழுக்கள் உடனே தொடங்கலாம். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.